பதினோரு அழைப்புகள்

டிசம்பர் 1

அண்ணிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்து என்னுடையது அல்ல. மார்ச் மாதம் நான் அனுப்பிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஜூனில் அனுப்பியதும் அப்படியே. ஆகவே இந்த முறை இங்கே ஊரில் உங்கள் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் முகவரி எழுதித் தரச் சொன்னேன். "அந்தம்மாகிட்ட நான் பொய் சொல்லமாட்டேன் டீச்சர். முகவரி எழுதுறேன். அனுப்புறவர் இடத்துல என் பேரைப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார். போனில் என் பெயரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் 24ஆம் தேதி மாலை கீத ஆராதனை. இருபத்தாறு வருடங்களாக நீங்கள் ஆர்கன் வாசிக்க, நான் பாடகர் குழுவை நடத்த, நடந்துவந்த ஆராதனை. நீங்கள் அண்ணனை அழைத்துக்கொண்டு உங்கள் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து ஆர்கன் மூடியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளை எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறோம். கீத ஆராதனைக்கு ஒன்பது பாட்டு. அதில் மூன்று பாட்டுகள் நான்கு குரல்களில் பாட வேண்டியவை. பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் விடலாம் என்கிறார் போதகர். நம் மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "அது பாட்டுக்கு ஓடும், நாங்க பின்னாடியே ஓடணுமா? படியேறினாலே மூச்சு வாங்குது, இது வேறயா?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நம் இருவருக்கும் நடுவில் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது என்று தெரியும்.

இந்த மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்தின நாளை முப்பது நாளுக்கு இழுத்தால் அதுதான் டிசம்பர். திரைச்சீலைகள் துவைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தேவதூதர் இறக்கைகள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். போன வருடத்து இறக்கைகளில் பாதியை எலி தின்றுவிட்டது. இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வாசலில் நுழையும்போதே பாடிக்கொண்டு வருவதைக் கேட்டால் களைப்பு போய்விடுகிறது.

போன வருடம் நடந்தது நடந்துவிட்டது. அண்ணன் வீட்டில் தனியாக விழுந்து கிடந்தார். நாம் பாடிக்கொண்டிருந்தோம். செய்தி நமக்கு ஆராதனை முடிந்த பிறகுதான் வந்தது. அதில் யாரும் என்ன செய்திருக்க முடியும்?

வந்து வாசியுங்கள். மனமில்லை என்றால், அண்ணனைப் பார்க்கவாவது என்னை விடுங்கள். அவரைப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. கூடப்பிறந்தவள் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நாத்தனார்

*

டிசம்பர் 5

டீச்சர்,

தையல்காரர் எழுதியிருக்கிறார் என்று பிரித்தேன். பிரித்த பிறகு மூட முடியவில்லை. அந்த அளவுக்கு உன் கெட்டிக்காரத்தனம் பலித்தது.

இங்கே என் டிசம்பர் என்ன என்று கேள். காலையில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு துடைக்க வேண்டும். ஊட்ட வேண்டும். பயிற்சி கொடுப்பவர் வந்தால் அவரோடு சேர்ந்து காலைப் பிடிக்க வேண்டும். வலது கையும் வலது காலும் இல்லாத மாதிரிதான். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "அதான்." பசித்தாலும் அதான். வலித்தாலும் அதான். பேத்தி முத்தம் கொடுத்தாலும் அதான். ஆனால் அறிவு மங்கவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது.

"யாரும் என்ன செய்திருக்க முடியும்" என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

என் போனில் அன்றைய பதிவு அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து நான்கு அழைப்புகள்: முதலாவது 6.12, கடைசி 6.26. இடது கையால் அழைத்திருக்கிறார். பிறகு தையல்காரரிடமிருந்து ஏழு: 6.40 தொடங்கி 7.05 வரை. வெளியே பூட்டிய கம்பிக் கதவுக்கு உள்ளே இவர் தரையில் கிடக்கிறார். வெளியே அவர் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிறார். சாவி என் கைப்பையில். ஆலயம் பத்து நிமிட நடை. முழங்கால் வலியோடு அவரால் அதுவும் முடியவில்லை, இவரை அப்படியே விட்டுப் போகவும் மனமில்லை. தெருவில் பாதிப் பேர் பண்டிகைக் கடைகளில். ரம்பம் தேடிப் பிடித்துப் பூட்டை அறுத்தபோது ஏழேகால் தாண்டிவிட்டது. நான் முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இதுல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்" என்றார்.

என் போன் உன் கூடையில் இருந்தது. ஆராதனை தொடங்குமுன் எல்லோரும் போனைச் சத்தம் நிறுத்தி, உன் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். மருத்துவமனை வராந்தாவில், "நான் கவனிக்கவே இல்ல அண்ணி" என்றாய்.

ஒரே ஒரு கேள்வி. எழுத்தில் பதில் வேண்டும். பேச்சில் என்றால் நீ என்னைச் சுற்றிவிடுவாய். அன்றைக்கு அந்தப் போனைப் பார்த்தாயா, இல்லையா?

*

டிசம்பர் 9

அண்ணி,

முப்பத்துநான்கு வருடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் சரியாக எழுத முடியாது.

என் நிலையில் நின்று பாருங்கள். கூடையில் பன்னிரண்டு போன்கள். என் வலது கை தாளத்துக்கு, இடது கை பக்கம் புரட்ட. கண் ஒன்று மேல்குரல் பாடும் சோப்ரானோ வரிசையில். இன்னொன்று சின்னப் பிள்ளைகள் மேல். இறக்கை அவிழ்ந்த பிள்ளை ஒன்று அதை வாலைப் போல இழுத்துக்கொண்டு நடக்கிறது. மேய்ப்பனாக நிற்க வேண்டியவன் கொட்டாவி விடுகிறான். கூடையின் மேல் என் சால்வை வேறு. அந்தக் கூட்டத்தில் அந்தக் கூச்சலில் ஒருத்தி எதைத்தான் பார்ப்பாள்?

கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இல்லை. அன்று காலை கேக் பெட்டியோடு நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். "ஒரு பக்கமா தலை வலிக்குது" என்று அண்ணன் சொன்னார். "மாத்திரை போட்டுட்டுப் படுங்க, சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்றீர்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் ஆராதனையில் ஆர்கன் பெஞ்சை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். கம்பிக் கதவைப் பூட்டியது யார்? சர்க்கரை இருக்கிறவர், பேக்கரிக்கு நழுவிவிடுவார் என்று அறுபத்தாறு வயது மனிதரை உள்ளே வைத்து வெளியே பூட்டியது யார்? நான் போனைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பூட்டைப் பற்றி நான் ஒரு முறையாவது கேட்டிருப்பேனா?

உங்களுக்குக் கணவர் ஆவதற்கு முன்பே அவர் எனக்கு அண்ணன்.

இதை அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்புகிறேன்.

*

டிசம்பர் 12

டீச்சர்,

உன் கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியது ஒன்றுகூடப் பொய் இல்லை.

தலைவலி என்று சொன்னார். மாத்திரை கொடுத்தேன். பூட்டியது நான்தான். பூட்டும்போது, "கேக்குக்குக் காவல் போட முடியாது, உங்களுக்குத்தான் போடணும்" என்றேன். உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஜாமீன் எப்போ?" என்று கேட்டார். "ஆராதனை முடிஞ்சதும்" என்றேன். அவர் என்னோடு கடைசியாக முழுசாகப் பேசியது அதுதான். அந்த மூன்று சொற்றொடர்களை நான் தினமும் அவர் முதுகைத் துடைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

இதை என் மகளிடமும் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அம்மா, அப்பாவுக்கு மருந்து நேரம்" என்றாள். அவ்வளவுதான். இன்னும் முழுக்கப் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது.

இது என் பங்கு. எழுதிவிட்டேன்.

உன் கடிதம் மூன்று பக்கம். இறக்கை இருக்கிறது, கொட்டாவி இருக்கிறது, சால்வை இருக்கிறது. "பார்க்கவில்லை" என்ற ஒரு சொல் அதில் எங்கேயும் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

இந்த வீட்டில் இன்னும் நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் எரிகிறது. பேத்தி தினமும் கேட்கிறாள். அவளுக்கும் நான் பதில் சொல்லவில்லை.

*

டிசம்பர் 16

அண்ணி,

பார்த்தேன்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காகிதத்தை அப்படியே வைத்திருந்தேன். இனி மீதி.

இரண்டாம் பாட்டின்போது சால்வைக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. உங்கள் போன். "வீடு" என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்கு முந்தின வருடம், கேக் வெட்டும் கத்தி எங்கே என்று கேட்க ஆராதனை நடுவில் ஆறு தடவை அழைத்தவர் அவர். கூடைச் சட்டமே அவரால் வந்ததுதானே? "கண்ணாடி எங்க, தீப்பெட்டி எங்க, நான் எங்க" என்று நாம் இருவரும் சேர்ந்து கேலி செய்வோமே. மறுபடியும் வெளிச்சம். மறுபடியும். பிள்ளைகள் பாட்டை விட்டுக் கூடையைப் பார்க்கத் தொடங்கினார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதுவரையில் என் மேல் பெரிய தவறு இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் என்னிடம் சமாதானம் இல்லை.

கவிழ்த்த போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். "எதிர் வீடு." தீப்பெட்டி எங்கே என்று கேட்கத் தையல்காரர் அழைக்கமாட்டார். தெரிந்துவிட்டது, அண்ணி. என்ன என்று தெரியவில்லை. நல்லது இல்லை என்று தெரிந்துவிட்டது. உங்கள் முதுகு எனக்கு நாலடி தூரம். தோளைத் தொட்டால் போதும். தொட்டால் ஆர்கன் நிற்கும். அடுத்து சின்னப் பிள்ளைகளின் பாட்டு. மூன்று மாதப் பயிற்சி, பெற்றோர் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். "இது ஒண்ணு முடியட்டும்" என்று நினைத்தேன். முடிந்தது. அடுத்தது மூன்று மாதமாக நான் உங்களோடு சண்டை போட்டுச் சீராக்கிய நான்கு குரல் பாட்டு. "இதுவும் முடியட்டும்." இப்படி நாலு பாட்டு. நடுவில் இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் கவிழ்த்தேன். முடிந்ததும் போதகர், இதுவரை இப்படி ஒரு கீத ஆராதனை கேட்டதில்லை என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "யார் உடைத்தது?" என்று நான் கேட்கவே மாட்டேன். சும்மா நிற்பேன். உடைத்த பிள்ளை தானாகவே, "நான் இல்ல டீச்சர்" என்று சொல்லும். மருத்துவமனை வராந்தாவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. "நான் கவனிக்கவே இல்ல" என்று சொன்னது நான்.

போன கடிதத்தில் பூட்டைப் பற்றி எழுதியது என் தவறுக்குத் துணை தேடித்தான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

நேற்று ஒத்திகையில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர், "தண்ணி குடிங்க டீச்சர்" என்று டம்ளரை நீட்டினார். குழுவை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்காக நீங்கள் வாசிக்க வர வேண்டாம்.

அண்ணனைப் பார்க்க விடுங்கள் என்று கேட்க இனி எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். கால் மணி நேரம் போதும்.

*

டிசம்பர் 20

டீச்சர்,

எனக்குத் தெரியும்.

கூடையில் நான் என் போனை முகம் மேலே இருக்கத்தான் வைத்தேன். எடுத்தபோது கவிழ்ந்திருந்தது. பன்னிரண்டில் என்னுடையது மட்டும். அன்றைக்கு இரவே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். மார்ச்சில் வந்த கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தடிமனாக இருந்தது. உண்மைக்கு அத்தனை பக்கம் தேவைப்படாது என்று திருப்பி அனுப்பினேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதக்கூடாது.

24ஆம் தேதி நான் வரமாட்டேன். 25ஆம் தேதி காலை ஐந்து மணி ரயிலில் ஏறினால் பத்துக்கு இங்கே இருப்பாய். வா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நீ பார்த்தும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வருடமாக அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறார்; அது யாருக்காக என்று எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷம் இந்த வீட்டில் வேறு யாராலும் கொடுக்க முடியாதது.

நீ என்னிடம் சொன்னது பாதிதான். விழுந்து கிடந்து இடது கையால் நாலு தடவை அழைத்தது நான் இல்லை. அவரிடம் நீ சொல்லலாம். சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கேக் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் தடுக்கமாட்டேன். சொன்னாயா என்று கேட்கவும் மாட்டேன். நான் சமையலறையில் இருப்பேன். கதவைச் சாத்திவிடுவேன்.

முடிவு உன்னுடையது.

*

டிசம்பர் 26

அண்ணி,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் சமையலறைக் கதவைத் திறக்கவில்லை. நான் தட்டவும் இல்லை.

முதலில் 24ஆம் தேதியைப் பற்றி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் முதல் பாட்டை எட்டாத உயரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். பாதியில் எல்லோருக்கும் குரல் அறுந்தது. அவரே நிறுத்தி, சபையைப் பார்த்து, "கீழே இறங்கி வர்றேன், கொஞ்சம் பொறுங்க" என்றார். ஆலயமே சிரித்தது. இரண்டாம் முறை, குழு மட்டும் அல்ல, எல்லோரும் பாடினார்கள். தாளம் தப்பியது. யாரும் கவலைப்படவில்லை. பின் வரிசையில் இருந்துகொண்டு நானும் பாடினேன். ஒரு பாட்டு நடுவில் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை அறுபத்தோரு வயதில் பார்த்தேன்.

நேற்று நான் உள்ளே நுழைந்ததும் அண்ணன் "அதான்! அதான்!" என்று இடது கையை உயர்த்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் கன்னத்தைத் தட்டினார். உங்கள் பேத்தி, "தாத்தா இவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். அந்த நிமிடத்தில், சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். உங்களிடம் மறைக்கமாட்டேன். ரயிலில் ஐந்து மணி நேரம் தயார் செய்ததெல்லாம் அந்தக் கை பட்டதும் போய்விட்டது.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலைக் காட்டி, தன் காதில் கை வைத்து, ஏதோ கேட்டார். 'ஏன் இத்தனை நாள் வரவில்லை, போனிலும் பேசவில்லை' என்று கேட்கிறார் என்று புரிந்தது. இன்னொரு பொய் சொல்லலாம். வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. பேத்தியை வெளியே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். உங்கள் மகள் சாப்பாடு கொண்டு வந்தாள், திரும்பவில்லை. "அப்பா, அத்தை கிளம்புறாங்க" என்றாள், திரும்பவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரிடம் இருப்பது ஒரே சொல். அதை நான் பிடுங்கி வாங்குவது நியாயம் இல்லை என்று தோன்றியது.

நீங்கள் என்னை உள்ளே விட்டீர்கள். அதற்கு நன்றி. இனி வந்து தொந்தரவு செய்யமாட்டேன்.

*

டிசம்பர் 30

டீச்சர்,

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். உன்னைத் தேற்றுவதற்காக இல்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நீ.

அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. என்னிடமும் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை என் மகள் அறையைப் பெருக்கும்போது நீ உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துக் கூடத்தில் போட்டாள். "அதான்! அதான்!" என்று ஒரே கூச்சல். இடது கையால் கட்டில் கம்பியில் அடிக்கிறார். தண்ணீர் கொடுத்தோம், தள்ளிவிட்டார். மருந்து, தலையணை, போர்வை, எதுவும் இல்லை. "அப்பா, என்னதான் வேணும், சொல்லித் தொலைங்களேன்" என்று அவள் அழுதேவிட்டாள். பேத்திதான் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அமைதியானார்.

இருந்த இடத்திலேயே போட்டோம். மறுபடியும் கம்பியில் அடி. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினால் அடி. அந்தப் பக்கம் நகர்த்தினால் அடி. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரைக் காட்டினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். அன்றைக்கு உன்னிடமிருந்து முகத்தைத் திருப்பி எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாரோ, அந்தப் பக்கம்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதமாட்டேன். ஒரு வருடமாக அவர் நினைப்பதை எல்லாம் ஊருக்கு நான்தான் சொல்லி வருகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும் என்றும் இருக்கலாம். திட்டுவதற்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான். நீயே வந்து கேட்டுக்கொள்.

அந்த இடைவெளியில் நாற்காலி நுழையவில்லை. நானும் மகளும் சேர்ந்து கட்டிலை ஓரடி இழுத்துப் போட்டிருக்கிறோம். இழுக்கும்போது அவள் என்னைப் பார்த்து, "மெதுவாம்மா, இடுப்பைப் பிடிச்சிக்கப் போகுது" என்றாள். வருடக் கடைசியில் எனக்குக் கிடைத்தது அது.

இரண்டாம் சனிக்கிழமை வா. அதே ரயில். நான் இன்னும் உன்னோடு பேசத் தயாராக இல்லை. சாப்பாடு போடுவேன்.